மூச்சின் கடனை அளந்தவர்

சென்ற ஆண்டு ட்ரெட்மில் பரிசோதனை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வயதை ஒத்தவர்களுக்கு இது ஆண்டுக்கொரு சடங்காகிவிட்டது. கருவியின் வேகம் தணிந்ததும் சோதனை முடிந்துவிட்டதென எண்ணி இறங்க முற்பட்ட என்னைக் கையமர்த்தி, இன்னும் ஒரு நிமிடம் மெதுவாக நடக்கும்படி கூறினார் இளம் மருத்துவர். அந்த நிமிடம் கழிந்ததும் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். உச்சத்தில் 146 ஆக இருந்த என் நாடித்துடிப்பு, 137 வரையே இறங்கியிருந்தது. ஒன்பதுதான் குறைந்திருக்கிறது, 12க்கு மேல் குறைந்திருக்க வேண்டும் என்றார். என் எடை 60 கிலோ. பணியில் சேர்ந்த நாளிலிருந்து சட்டையின் அளவு மாறாதவன் என்ற பெருமிதம் எனக்கு உண்டு. அந்தப் பெருமிதம் அன்று ஆட்டம் கண்டது.

உழைக்கும்போது இதயம் எவ்வளவு விரைகிறது என்பதைவிட, உழைப்பு நின்றபின் எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதில் அப்படி என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைத் துரத்திச் சென்றபோது, பொருளாதார ஆசிரியனாகிய நான் வேறொரு வழியில் முன்பே அறிந்திருந்த ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நின்றேன். ஜான் மேனார்ட் கெயின்ஸின் தங்கை மார்கரெட்டை மணந்தவர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் என்ற உடலியல் அறிஞர். அவர்களுடைய மகள் பாலி ஹில், கானா நாட்டின் கோகோ விவசாயிகளையும் கர்நாடகத்தின் புன்செய்க் குடும்பங்களையும் நேரில் சென்று ஆராய்ந்த பொருளாதார மானிடவியலாளர். மைத்துனரைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தேன். மகளின் நூல்களை மாணவர்களுக்குப் பரிந்துரைத்தேன். இவ்விருவருக்கும் நடுவே நின்ற மனிதரை மட்டும் அறியாமலே இருந்துவிட்டேன். உழைப்புக்குப் பிந்தைய மூச்சிரைப்பைக் கடன் என்ற சொல்லால் விளக்கியவர் அவரே.

ஹில் 1886 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். மரவணிகக் குடும்பம். அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது தந்தை குடும்பத்தைவிட்டு விலகிச் சென்றார். மகனையும் மகளையும் தாயே வளர்த்தார். உதவித்தொகைகளின் துணையோடு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்ற ஹில், கணிதத்தில் பல்கலைக்கழக அளவில் 1907இல் மூன்றாம் இடம் பெற்றார். கணிதப் பேராசிரியராக ஆகியிருக்க வேண்டியவர். ஆனால், அவருக்கு வழிகாட்டியாக அமைந்த வால்டர் மோர்லி பிளெட்சர், தவளையின் தசையில் லாக்டிக் அமிலம் உருவாவதை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவருடைய தூண்டுதலால் கணிதத்தை விட்டுவிட்டு உடலியலுக்கு வந்தார் ஹில். வரும்போது கணித மனத்தையும் உடன் கொண்டுவந்தார். எதையும் அளவிட்டு, எண்ணாக்கி, சமன்பாட்டில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் கடைசிவரை அவரைவிட்டு அகலவில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் முறைக்கு 1910இல் அவர் தந்த சமன்பாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் எடுத்துக்கொண்ட வேலை மிக நுட்பமானது. தவளையின் காலிலிருந்து எடுத்த மெல்லிய தசை ஒருமுறை துடித்தால் அதன் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கே உயரும். அதை அளப்பதற்குரிய மின்வெப்பக் கருவிகளை ஆண்டுக்கணக்கில் செம்மைப்படுத்தினார். விடை எதிர்பாராததாக இருந்தது. தசை சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்துக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஆக்சிஜன் இல்லாத சூழலிலும் தசை சுருங்கியது, வெப்பம் வந்தது. ஆனால், வேலை முடிந்து தசை ஓய்ந்தபின், பல நிமிடங்களுக்கு மெல்லிய வெப்பம் தொடர்ந்து கசிந்தது. அது ஆக்சிஜன் இருந்தால் மட்டுமே வந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது, பின்னர் வந்த வெப்பம் முதலில் வந்ததற்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. உழைப்பின் செலவில் பாதி, உழைப்பு முடிந்த பிறகே கணக்கில் ஏறுகிறது என்பது இதன் பொருள். இதற்கு அவர் இட்ட பெயர் மீட்சி வெப்பம். இந்தக் கண்டுபிடிப்புக்காகவே 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி அவருக்கும், தசையின் வேதியியலை ஆராய்ந்த ஜெர்மானியர் ஓட்டோ மேயர்ஹோஃபுக்கு மறுபாதியும் கிடைத்தன.

இடையில் முதல் உலகப்போர் வந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் இலக்கைக் கணக்கிடும் குழு ஒன்றுக்கு ஹில் தலைமை தாங்கினார். போர் முடிந்து 1920இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். எங்கள் பகுதிக்கு அருகே நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கியதும் அதே 1920இல்தான். உடற்பயிற்சி ஒரு கல்வியாகவும் ஓர் அறிவியலாகவும் உருவெடுத்த காலம் அது.

மான்செஸ்டரில் தவளையிலிருந்து மனிதனுக்கு வந்தார் ஹில். முதல் சோதனைப் பொருள் அவரே. வாயில் குழாய், முதுகில் காற்றுப் பை, கையில் அதைத் திறந்து மூடும் திருகு. இந்தக் கோலத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பேராசிரியர் புல்தரையில் வட்டமாக ஓடினார். வெளியேற்றிய மூச்சைப் பையில் பிடித்து அதில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகியிருக்கிறது என்று ஆராய்ந்தார். ஹார்ட்லி லுப்டனுடன் இணைந்து 1923இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இன்று உலகெங்கும் நடைபெறும் ட்ரெட்மில் பரிசோதனைகளுக்கு மூலம் என்று சொல்லத்தக்கது.

அவர் கண்டது இதுதான். ஓட்டத்தின் வேகம் கூடக் கூட உடல் ஏற்கும் ஆக்சிஜனும் கூடுகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல், எவ்வளவு விரைந்து ஓடினாலும் அது கூடுவதில்லை. ஹில்லுக்கு அந்த உச்சவரம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர். அவ்வரம்பைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிப்பது, இரத்தத்தை இறைத்துத் தரும் இதயத்தின் ஆற்றலே என்று அவர் கருதினார். வரம்புக்கு மேற்பட்ட வேகத்துக்கான செலவை உடல் எங்கிருந்து பெறுகிறது? கடனாகப் பெறுகிறது. ஓடி முடித்தபின் பல நிமிடங்கள் மூச்சிரைக்க நிற்பது அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதற்காகவே. ஆக்சிஜன் கடன் என்ற சொல்லாட்சி இவ்வாறு பிறந்தது.

வரவு, செலவு, கடன் என்று பேசிய இந்த அறிவியல் எனக்கு உடனே விளங்கியது. ஒரு குடும்பத்தின் பொருளாதார நலத்தை அது எவ்வளவு கடன் வாங்கியது என்பதை மட்டும் கொண்டு அளக்க முடியாது. வாங்கியதை எவ்வளவு விரைவில் அடைக்க முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். இதயத்துக்கும் அதுவே பொருந்தும்.

உடல் எடைக்கு இங்கே என்ன இடம் என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போடலாம். கிரீன்வேஸ் சாலைப் பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளை மூவர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 60 கிலோ, மற்ற இருவரும் 80 கிலோ. 80 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமையைத் தூக்குகிறார். ஆகவே உடல் ஏற்கும் ஆக்சிஜனை எடையால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். 80 கிலோக்காரர் ஒருவரின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 2.4 லிட்டர் என்றால், ஒரு கிலோவுக்கு 30 மில்லிலிட்டர். அவரே எடையை 60 கிலோவாகக் குறைத்து, வரம்பையும் இழக்காமல் இருந்தால் அது 40 ஆகும். எடையைக் குறைப்பதன் பயன் இதில் தெளிவு. ஆனால், முதலிலிருந்தே 60 கிலோவாக இருப்பவரின் வரம்பு 1.5 லிட்டர் மட்டுமே என்றால், ஒரு கிலோவுக்கு 25தான் தேறும். பருமனானவரைவிட மெலிந்தவரே முதலில் களைத்து நிற்பார். பின்னத்தின் கீழே உள்ள எண் சிறியதாக இருப்பதில் மகிழ்ந்து, மேலே உள்ள எண்ணை நான் மறந்திருந்தேன்.

ஹில்லின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, நோபல் பரிசுக்குப் பிறகு நிகழ்ந்தது. லாக்டிக் அமிலமே தசைச் சுருக்கத்துக்குக் காரணம் என்பது அவரும் மேயர்ஹோஃபும் எழுப்பிய கட்டடத்தின் தூண்களில் ஒன்று. டென்மார்க்கைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட் என்ற இளம் ஆய்வாளர், அந்த அமிலம் உருவாகாமலே தசை சுருங்க முடியும் என்று 1930இல் மெய்ப்பித்தார். பரிசு பெற்ற பேரறிஞர் ஒருவர் இதை அலட்சியப்படுத்தியிருக்கலாம், எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். ஹில்லோ 1932இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, தசையியலில் ஒரு புரட்சி நிகழ்ந்துவிட்டதென அறிவித்துத் தன் கருத்துகளைத் திருத்திக்கொண்டார். உழைப்புக்குப் பிந்தைய கூடுதல் மூச்சுக்குப் பல காரணங்கள் உண்டென்று இன்றைய அறிவியல் கூறுகிறது. கடன் என்ற உவமை முழுமையானதன்று. ஆயினும், உழைப்பின் கணக்கு உழைப்போடு முடிவதில்லை என்ற அடிப்படை உண்மை அசையாமல் நிற்கிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் அவர் கடமைகள் விரிந்தன. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூத அறிஞர்கள் பதவியிழந்தபோது, அவர்களுக்கு வேலையும் புகலிடமும் தேடித்தந்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஹில்லும் ஒருவர். அவ்வாறு 1935இல் அவருடைய லண்டன் ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர்ந்த பெர்னார்ட் காட்ஸ், 1970இல் தாமும் நோபல் பரிசு பெற்றார். எதிரி விமானங்களைக் கண்டறியும் ரேடார் கருவியின் வளர்ச்சிக்கு வழிவகுத்த குழுவிலும் ஹில் இடம்பெற்றார். 1940முதல் 1945வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

அதே ஆண்டுகளில் கெயின்ஸின் இதயம் நலிந்துகொண்டிருந்தது. 1937இல் கடுமையான இதய நோய்க்கு உள்ளான அவர், போர்க்கால நிதிச் சுமையையும் அமெரிக்காவுடனான பேச்சுவார்த்தைகளையும் அந்த இதயத்தோடுதான் தாங்கினார். 1946 ஏப்ரல் 21 அன்று, 62 வயதில் காலமானார். அவருடைய நோய் இதயத்தின் உட்புறத்தைத் தாக்கிய கிருமித் தொற்றோடு தொடர்புடையது, பயிற்சியின்மையால் வந்ததன்று. எனினும், அளவிறந்த உழைப்புக்கும் மீட்சிக்குமான இடைவெளியை உலகிலேயே நன்கு அறிந்த ஒருவரின் மைத்துனர், அந்த இடைவெளி கிடைக்காமலே மறைந்தார் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஹில்லுக்கும் நமக்கும் உள்ள நேரடித் தொடர்பு 1943 நவம்பரில் தொடங்கியது. இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சியை எவ்வாறு அமைப்பது என்று ஆலோசனை வழங்க அழைக்கப்பட்ட அவர், 1944 ஏப்ரல்வரை நாடெங்கும் சுற்றினார். வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்த காலம். அவர் சமர்ப்பித்த அறிக்கை, இந்தியாவின் முதன்மையான சிக்கல் இயந்திரங்களோ வேதிப்பொருள்களோ அல்ல, மக்கள்தொகை, உடல்நலம், உணவு, வேளாண்மை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் உயிரியல் சிக்கலே என்று கண்டது. ஒன்றைத் தனியே பிரித்துத் தீர்க்க முடியாது என்பதே அவர் கருத்து. தேசிய அளவில் உயர்தர மருத்துவ மையம் ஒன்று வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அப்போது இயங்கிய போர் குழுவும் அதே பரிந்துரையைச் செய்தது. சர் ஜோசப் போர் தலைமையிலான அக்குழுவில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினர். 1956இல் தில்லியில் எய்ம்ஸ் உருவானதன் பின்னே இந்த முயற்சிகள் உள்ளன.

எல்லாவற்றிலும் ஹில்லுடன் நான் உடன்படவில்லை. 1952இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை, இறப்பைக் குறைக்கும் மருத்துவம் மக்கள்தொகையைப் பெருக்கிப் புதிய துயரங்களுக்கு வழிவகுக்காதா என்ற அறச்சிக்கலை எழுப்பியது. அந்த அச்சத்துக்குத் தமிழ்நாடு விடையளித்துவிட்டது. குழந்தை இறப்பு குறைந்து, பெண்கல்வி பரவியபோது பிறப்பு விகிதமும் தானே இறங்கியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். நலம் பெருகினால் பாரம் குறையும் என்பதே நம் அனுபவம்.

ஹில் 1952இல் ஓய்வுபெற்றார். ஆனால் அறுபதுகளின் நடுப்பகுதிவரை தசைகளையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1977 ஜூன் 3 அன்று கேம்பிரிட்ஜில் மறைந்தபோது அவருக்கு 90 வயது.

அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1999இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ ஆய்வாளர்கள் ட்ரெட்மில்லில் ஏறிய 2,428 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெதுவாக நடந்தபடி ஓய்வெடுக்கும் முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களிடையே, இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைப்போல் நான்கு மடங்காக இருந்தது. வயது, பிற நோய்கள் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் இருமடங்கு எஞ்சியது. என் மருத்துவர் குறிப்பிட்ட 12 என்ற எண் இங்கிருந்து வந்ததே.

இந்த முதல் நிமிட இறக்கம் பெரும்பாலும் வேகஸ் என்னும் நரம்பின் செயல். இதயத்துக்குக் கடிவாளம் போன்றது அது. உழைக்கும்போது தளர்ந்திருக்கும் கடிவாளம், உழைப்பு நின்றதும் இறுகுகிறது. அதன்பின் மெல்ல நிகழும் இறக்கத்தில் ஹில் சொன்ன கடனடைப்பும் உடற்சூட்டின் தணிவும் பங்கேற்கின்றன. தொடர்ந்து மூச்சிரைக்க உழைப்பவர்களிடம் கடிவாளம் விரைந்து இறுகும். இடுப்பில் கொழுப்பு சேரும்போதும், உட்கார்ந்தே வாழும்போதும் அது நலிகிறது. டல்லாஸ் நகரில் பல்லாயிரம் ஆண்களைத் தொடர்ந்த மற்றோர் ஆய்வில், உடற்திறன் கொண்ட பருமனானவர்களைவிட, உடற்திறனற்ற மெலிந்தவர்களே அதிக ஆபத்தில் இருப்பதாக அதே 1999இல் தெரியவந்தது. நம்மவர்களுக்கு இதில் தனிப் பாடம் உண்டு. ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் ஒரே உயரம், ஒரே எடையிலும் நம் உடலில் கொழுப்பின் பங்கு அதிகம். தராசு காட்டும் எண் நம்மை எளிதில் ஏமாற்றும்.

எடை பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன். ஹார்வர்டில் 1943இல் உருவான படிச்சோதனைக்கு வேண்டியவை ஒரு மரப்படியும் ஒரு கடிகாரமும் மட்டுமே. குறித்த தாளத்தில் ஐந்து நிமிடம் ஏறி இறங்கி, உட்கார்ந்தபின் மூன்று முறை அரை நிமிட நாடியை எண்ணுவார்கள். உடற்கல்வி மாணவர்கள் இதை இன்றும் பயில்கிறார்கள். நம் பள்ளிகளில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பதிவுசெய்கிறோம். மருத்துவரின் அறிவுரையோடு, வயதுக்கேற்ற படிச்சோதனையில் நாடி தணியும் வேகத்தையும் ஏன் பதிவுசெய்யக் கூடாது? மெலிந்த பிள்ளை நலமான பிள்ளை என்ற தவறான நிம்மதி அப்போதாவது நீங்கும். 2021முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வரும் பணியாளர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். முதியவர்களைப் படியேறச் சொல்வது ஆபத்து. ஆனால், ஒரு மாடி ஏறினால் மூச்சு எவ்வளவு நேரத்தில் சீராகிறது என்று கேட்டறிவதற்குச் செலவில்லை.

நடப்பதற்கு இடமும் வேண்டும். 2023இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது வரவேற்கத்தக்கது. எனினும் வீட்டு வாசலிலிருந்து நூறு அடி தொடர்ந்து நடக்கும் நடைமேடை இல்லாத தெருக்களே நம் நகரில் மிகுதி. மின்பெட்டியும் நிறுத்திவைத்த வாகனங்களும் பெயர்ந்த கற்களும் முதியவர்களைச் சாலைக்குத் தள்ளுகின்றன, அல்லது வீட்டுக்குள்ளேயே இருத்திவிடுகின்றன. நடைமேடையை அழகுக்கான செலவாகக் கருதுகிறோம். மருத்துவமனைக்கான செலவைக் குறைக்கும் முதலீடு அது. உடல்நலத்தைத் தனியே பிரித்துத் தீர்க்க முடியாது என்று ஹில் 1944இல் எழுதியது நம் தெருக்களுக்கும் பொருந்தும்.

மருத்துவரின் ஒப்புதலோடு, கடந்த ஓராண்டாக வாரத்தில் ஐந்து நாள்கள், பேசினால் மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கிறேன். பறக்கும் ரயில் நிலையத்தில் மின்தூக்கியை நாடுவதில்லை. அண்மையில் மீண்டும் சோதித்தபோது, முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 15 குறைந்திருந்தது. எடை அதே 60 கிலோ.